அறிவியல் ஆசிரியராய்த் தமிழுக்கு வந்த விபுலானந்த அடிகளார்

முன்னுரை

இராமேசுவரத் தீவின் கிழக்குக் கோடியில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் ஓர் எல்லையாகத் தோன்றும். சேது நாட்டு வரலாற்றை அறிந்தோர்க்கோ அது ஒரு வழி. கீழக்கரை, தொண்டி, பாம்பன் முதலிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் ஈழத்துக் கரைகளை நாடிச் சென்றன. அங்கிருந்து மீண்டும் வந்தன. பண்டங்களோடு நூல்களும், வணிகரோடு புலவரும் இவ்வழியே போக்குவரவு செய்தனர். 1914ஆம் ஆண்டு பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பெற்றதும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நாள்தோறும் கப்பல் ஓடத் தொடங்கியது. ‘போட் மெயில்’ என்று மக்கள் வழங்கிய அத்தொடர்ப் பயணத்தினால் சென்னையும் கொழும்பும் அண்டை ஊர்கள் போலாயின.

அக்காலத்தில் ஈழத்திலிருந்து தமிழகத்துக்கு வந்து, தமிழகப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த பெருமகனார் சுவாமி விபுலானந்தர். அவரை யாழ் நூல் தந்த முத்தமிழ் அறிஞர் என்று தமிழ் மாணவர் அறிவர். இராமகிருஷ்ண இயக்கத்துத் துறவி என்று சமய அன்பர் அறிவர். ஆயின் அவர் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் என்பதும், பள்ளிகளில் அறிவியல் கற்பித்தவர் என்பதும், அவர் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் தமிழ்ப் பட்டமன்று, அறிவியற் பட்டமே என்பதும் பலர் நினைவில் இல்லை. அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா, இயலும் எனின் அவ்வாறு கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவது எவ்வாறு என்னும் வினா இன்றும் நம் வகுப்பறைகளில் தீராது நிற்கின்றது. ஆதலின் அடிகளாரின் வாழ்வை அந்த வினாவின் வழி நின்று காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஈழத்தின் கீழைக் கடற்கரையில், மட்டக்களப்புப் பகுதியைச் சார்ந்த காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சாமித்தம்பி, கண்ணம்மை இணையர்க்கு மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். காரைதீவின் வடபால் சாய்ந்தமருதும் தென்பால் நிந்தவூரும் முஸ்லிம் மக்கள் நிறைந்து வாழும் ஊர்களாகும். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்து, வயலும் கடலும் வாவியும் பகிர்ந்துகொள்ளும் நிலம் அது. நம் சேதுக் கரையின் ஊர் அமைப்பை அறிந்தவர்க்கு அக்கரை அயலாகத் தோன்றாது.

தொடக்கக் கல்வியை ஊரிலேயே பெற்ற மயில்வாகனனார், பின்னர்க் கல்முனையில் மெதடிஸ்ட் சபையார் நடத்திய பள்ளியிலும், மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவியர் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் 1908ஆம் ஆண்டு தேறியபொழுது அவருக்கு அகவை 16. பள்ளியில் கற்றது ஆங்கிலமும் கணிதமும் அறிவியலும். வீட்டிலும் ஊரிலும் கற்றது தமிழ் இலக்கணமும் இலக்கியமும். அக்காலத்து ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் பலர்க்கு இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளாய் இருந்தன. ஒன்றைப் பற்றியவர் மற்றொன்றைக் கைவிட்டனர். மயில்வாகனனார் இரண்டையும் கைவிடவில்லை.

ஆசிரியப் பயிற்சி

தாம் பயின்ற பள்ளியிலேயே சில காலம் ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், 1911ஆம் ஆண்டு கொழும்பு அரசினர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டுப் பயிற்சி பெற்றார். இந்த ஈராண்டு அவர் வரலாற்றில் சிறு குறிப்பாகவே இடம்பெறுவது வழக்கம். ஆயினும் அவருடைய பிற்காலப் பணிகளை நோக்குமிடத்து, இதன் பயன் பெரிதென்பது புலனாகும். ஒரு பொருளைத் தான் அறிதல் வேறு. அறியாதவன் உள்ளத்தில் அதனைப் படிப்படியாக விளங்கச் செய்தல் வேறு. பின்னதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து இந்நாட்டுக்கு அந்நாளில் புதிது. கற்றவர் எல்லாரும் கற்பிக்க வல்லவரே என்று எண்ணப்பட்ட காலம் அது.

கொழும்பில் இருந்த காலத்தில் தென்கோவைக் கந்தையா பிள்ளை முதலிய தமிழறிஞர்களின் தொடர்பும் அவருக்கு வாய்த்தது. பகலில் பயிற்சிக் கல்லூரிப் பாடமும், ஓய்ந்த வேளையில் தமிழ் நூற் பயிற்சியுமாக அவர் நாட்கள் கழிந்தன. பயிற்சி முடித்து மட்டக்களப்புக்கு மீண்டு, புனித மைக்கேல் கல்லூரியில் கற்பித்தார். 1915ஆம் ஆண்டு மீண்டும் கொழும்பு சென்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1916ஆம் ஆண்டு அறிவியலில் டிப்ளோமாப் பெற்றார். கற்பிக்கும் முறையை முன்னர்க் கற்று, கற்பிக்கும் பொருளைப் பின்னரும் ஆழப்படுத்திக்கொண்ட இவ்வொழுங்கு கருதத்தக்கது. ஆசிரியர் பணியில் அமர்ந்த பின்னர் படிப்பை முடித்துக்கொள்ளும் இயல்பு அவரிடம் இல்லை.

சேது நாடும் மதுரைத் தமிழ்ச் சங்கமும்

அறிவியல் டிப்ளோமாப் பெற்ற அதே 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் அவர் தேறினார். ஈழத்திலிருந்து அத்தேர்வில் வெற்றி பெற்ற முதல்வர் அவரே என்பர். ஓர் ஆண்டில் வேதியியற் குடுவையும் தொல்காப்பியச் சூத்திரமும் ஒருவர் கையில் ஒருங்கே இருந்தன என்பது இன்று நினைப்பினும் வியப்பைத் தருகின்றது.

இவ்விடத்தில் நம் மாவட்டத்தார் நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901ஆம் ஆண்டு நிறுவியவர் பாலவனத்தம் ஜமீன்தாரும் சேதுபதி மரபினருமான பாண்டித்துரைத் தேவர் ஆவார். அதற்குத் துணையாய் நின்றவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. செல்வத்தைத் தமிழுக்கு ஈந்த இவர்கள், தாம் நாட்டிய அமைப்பு கடல் கடந்த ஓர் அறிவியல் ஆசிரியரைத் தமிழ்ப் பண்டிதராக்கும் என்று எண்ணியிருக்க வழியில்லை. பாண்டித்துரைத் தேவர் 1911ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். ஆயினும் அவர் நட்ட மரத்தின் கனியை ஈழம் உண்டது. அக்கனியின் விதை பின்னர்த் தமிழகத்துக்கே மீண்டது.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1893ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கூடிய உலகச் சமயப் பேரவைக்குச் செல்ல விவேகானந்தரை ஊக்கியவர்களுள் ஒருவர் பாஸ்கர சேதுபதி. மேலை நாடுகளிலிருந்து மீண்ட விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொழும்பும் யாழ்ப்பாணமும் கண்டு, பாம்பனில் இந்திய மண்ணை மிதித்தார்; மன்னர் எதிர்கொண்டு வரவேற்றார். அவ்வியக்கமே பிற்காலத்தில் மயில்வாகனனாரைத் துறவறத்துக்கு ஈர்த்தது. தமிழாலும் துறவாலும் அடிகளார்க்கு அமைந்த இரு வழிகளும் இச்சேதுக் கரையைத் தொட்டே சென்றன எனலாம்.

அறிவியல் ஆசிரியர்

1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் மயில்வாகனனார் அறிவியல் ஆசிரியராக அமர்ந்தார். அங்குக் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டத் தேர்வுக்குத் தாமே படித்து, 1920ஆம் ஆண்டளவில் பட்டம் பெற்றார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் ஆனார்.

மானிப்பாய் என்னும் அவ்வூர் அறிவியல் தமிழின் வரலாற்றில் சிறப்பிடம் உடையது. அமெரிக்க நாட்டு மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு ஈழம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனையும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதியியல் ஆகிய துறைகளின் நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழாயின. 1873ஆம் ஆண்டு அவர் தம் நாடு திரும்பிய பின்னர் அம்முயற்சி தளர்ந்தது. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்பதற்காக அது நிற்கவில்லை. ஆங்கிலத்தில் கற்றவர்க்கே அரசுப் பணியும் மதிப்பும் கிட்டிய சூழலும், கிறீனுக்குப் பின் அப்பணியை அதே ஊக்கத்தோடு ஏற்று நடத்துவோர் இல்லாமையுமே அதனை நலிவித்தன. நூல் இருந்தது, சொல்லும் இருந்தது, தொடர்ந்து வரும் ஆசிரியர் பரம்பரை இல்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து அதே ஊரில் ஓர் அறிவியற் பட்டதாரி, தமிழ்ப் பண்டிதராகவும் இருந்து, பள்ளித் தலைமை ஏற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்தில் அங்குப் பண்டிதத் தேர்வுகளை நடத்துதற்கு ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றவும் அவர் துணை நின்றார். மதுரைச் சங்கத்தால் தாம் பெற்ற பயனைத் தம் நாட்டு இளைஞர் கடல் கடவாமலே பெற வேண்டும் என்பது அதன் பயனாயிற்று.

துறவும் பள்ளிகளும்

யாழ்ப்பாணம் வந்திருந்த சுவாமி சர்வானந்தரின் தொடர்பால் துறவு நாட்டம் வலுப்பெற்ற மயில்வாகனனார், 1922ஆம் ஆண்டு தலைமையாசிரியர் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயரோடு இருந்து, 1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். ‘இராமகிருஷ்ண விஜயம்’ என்னும் தமிழ் இதழையும் ‘வேதாந்த கேசரி’ என்னும் ஆங்கில இதழையும் நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பெற்றது. சேக்சுபியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்த ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலும் இக்காலத்தின் விளைவே. அது மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி 1926ஆம் ஆண்டு வெளிவந்தது.

துறவு பூண்டதனால் ஆசிரியப் பணி முடிந்துவிடவில்லை. 1925ஆம் ஆண்டு ஈழம் மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண மிஷன் சார்பில் பள்ளிகளை ஏற்று நடத்தும் பொறுப்பை மேற்கொண்டார். யாழ்ப்பாணத்து வைத்தீசுவர வித்தியாலயமும், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் அமைந்த பள்ளிகளும் அவர் கண்காணிப்பில் வளர்ந்தன. மட்டக்களப்பை அடுத்த கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆங்கிலக் கல்வி நகரத்துச் செல்வர்க்கே உரியதாய் இருந்த நாளில், கிழக்குக் கரையின் எளிய உழவர், மீனவர் பிள்ளைகளும் உயர்நிலைக் கல்வி பெற அப்பள்ளி வழி திறந்தது.

இங்கு ஒன்றைச் சிந்திக்கலாம். அடிகளார் கற்றதும் கற்பித்ததும் மெதடிஸ்ட் பள்ளி, கத்தோலிக்கக் கல்லூரிகள், அரசினர் பயிற்சிக் கல்லூரி, இந்துக் கல்லூரி, இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகள் என்று பலதிறப்பட்ட நிறுவனங்களில். ஒரு சமயத்தார் தம் பொருளைச் செலவிட்டு நடத்தும் கல்விக்கூடம் எல்லாச் சமயத்தார்க்கும் பயன்படுதல் நம் நாட்டு மரபு. முஸ்லிம் பெருமக்கள் தோற்றுவித்த கல்லூரிகளில் எல்லா இனத்து மாணவரும் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து கற்பதை நாளும் காணும் நமக்கு இம்மரபின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டு தோன்றியது. அதனை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார் கானாடுகாத்தானில் பிறந்தவர். இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1985ஆம் ஆண்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை இராமநாதபுரம் மாவட்டத்ததாகவே இருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931ஆம் ஆண்டு அடிகளார் அழைக்கப்பெற்றார். தமிழில் பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவரை, அதிலும் அறிவியற் பட்டதாரியை, அதிலும் துறவியை, அயல்நாட்டினரை அப்பதவிக்குத் தேர்ந்தது துணிந்த செயல். அந்நாளில் தமிழாசிரியர் என்றால் ஏனைய பேராசிரியரினும் தாழ்ந்த ஊதியமும் தாழ்ந்த மதிப்பும் உடையவர் என்னும் நிலையே பெரும்பாலான கல்லூரிகளில் நிலவியது. ஆங்கிலமும் அறிவியலும் கணிதமும் வல்ல ஒருவர் தமிழ்த்துறைத் தலைமையில் அமர்ந்தமையால் துறையின் மதிப்பும் உயர்ந்தது.

அடிகளார் அங்குப் பணியாற்றியது ஏறக்குறைய ஈராண்டே. அவர்க்குப் பின் 1933ஆம் ஆண்டு நாவலர் சோமசுந்தர பாரதியார் அப்பொறுப்பை ஏற்றார். காலம் சிறிதாயினும், பல்கலைக்கழகத் தமிழாசிரியர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி அமைந்தது. பாடஞ்சொல்லும் புலவராக மட்டும் நில்லாது, பிற துறையறிவைக் கொணர்ந்து தமிழ் நூற்பொருளை ஆராயும் முறை அதுவாகும். சான்று காட்டுதல், அளந்து நோக்குதல், ஐயுற்றுத் தெளிதல் ஆகியவை அறிவியற் கூடத்தின் ஒழுக்கங்கள். அவற்றை இலக்கிய வகுப்பறைக்குள் அழைத்து வந்தவர்களுள் அடிகளார் முன்வரிசையினர்.

கலைச்சொல் ஆக்கம்

அறிவியலைத் தமிழில் கற்பிக்க விழைந்தோர் முதலில் எதிர்ப்பட்டது சொல்லின்மை என்னும் தடை. சேலத்தில் 1916ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்ச் சாத்திர பரிபாஷைச் சங்கம் இத்துறையில் ஒரு தொடக்கம் செய்தது. இராஜாஜி அதன் முயற்சியில் பங்கு கொண்டார். பின்னர் 1930களில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கல்வி இடம்பெறும் நிலை நெருங்கியது. பாடநூல் எழுதுவோர்க்கும் கற்பிப்போர்க்கும் ஒருப்பட்ட கலைச்சொற்கள் உடனே தேவைப்பட்டன.

சிக்கல் சொல் இல்லாமை மட்டுமன்று. சொற்கள் பலவாய் இருந்தமையும் ஆகும். நாம் மூச்சில் உள்வாங்கும் ஒரு வாயுவை ஒருவர் ‘பிராணவாயு’ என்றார். ஒருவர் ‘உயிர்வளி’ என்றார். மற்றொருவர் ‘ஆக்ஸிஜன்’ என்றே எழுதினார். மூன்று பள்ளிகளில் மூன்று சொற்களைக் கற்ற மாணவர் ஒரே தேர்வை எழுதினால் திருத்துவோர் நிலை என்னாகும்? வடமொழியா, தமிழா, ஆங்கிலமா என்னும் வழக்கு அறிஞர் அவையில் முடிவின்றி நடந்தது. அதன் சுமை முழுவதும் வகுப்பறையில் நின்ற ஆசிரியர் தலையிலும், அவர் முன் அமர்ந்த சிறுவர் தலையிலும் வீழ்ந்தது.

இந்நிலையில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கப் பணியை மேற்கொண்டது. அதன் சார்பில் 1936ஆம் ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்த அடிகள் தலைமை தாங்கினார். துறைதோறும் குழுக்கள் அமைந்து சொற்களை ஆய்ந்தன. தொகுக்கப்பெற்ற சுமார் பத்தாயிரம் சொற்கள் ‘கலைச் சொற்கள்’ என்னும் பெயரில் 1938ஆம் ஆண்டு நூலாயின. பத்தாயிரம் சொற்களுக்கு அறிஞர் பலரை ஒருமனப்படுத்துதல் எளிய செயலன்று. அதற்குத் தமிழ்ப் புலமையும் துறையறிவும் வேண்டும். இவ்விரண்டினும் மேலாக, அச்சொல்லைக் கொண்டு நாளை ஒரு சிறுவனுக்கு விளக்கிக் காட்ட இயலுமா என்று நோக்கும் ஆசிரியர் கண் வேண்டும். மூன்றும் ஒருங்கு வாய்ந்தவர் அவ்வவையில் தலைவராய் அமர்ந்திருந்தார்.

பணி அத்தோடு முடியவில்லை. 1940ஆம் ஆண்டு அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரியார் குழு வடசொற்களுக்கு முதன்மை தந்தபொழுது தமிழறிஞர் எதிர்ப்பு மூண்டது. சொல் வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆயினும் இன்று தமிழ்வழி வகுப்பில் ஓர் ஆசிரியர் தயக்கமின்றி வேதியியல் பாடம் நடத்துகின்றார் எனின், அதற்கு அடியில் கிடக்கும் கற்களுள் ஒன்று 1936ஆம் ஆண்டில் இடப்பட்டது.

இலங்கைப் பல்கலைக்கழகமும் யாழ் நூலும்

இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கி ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில இதழை அடிகளார் சில ஆண்டுகள் நடத்தினார். பின்னர் 1942ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் அவரை 1943ஆம் ஆண்டு தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. கடலின் இரு கரையிலும் இரு பல்கலைக்கழகங்களுக்கு முதல் தமிழ்ப் பேராசிரியர் என்னும் பெருமை அவர் ஒருவர்க்கே உரியது. துறவிக்கு ஊதியம் தன்னுடைமை ஆகாது. பதவியும் அணிகலன் ஆகாது. ஆதலின் அவர் இரு பதவிகளையும் பணியாகவே ஏற்றார்.

இவ்வாண்டுகளில் அவர் உள்ளத்தை முழுவதும் ஆட்கொண்டிருந்தது யாழ் ஆராய்ச்சி. சங்கப் புலவர் கையில் இருந்த யாழ் எவ்வாறு அமைந்திருந்தது, அதன் நரம்புகள் எவ்வொலி தந்தன என்பன நெடுங்காலமாக மறைபொருளாய் இருந்தன. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அடியார்க்கு நல்லார் உரையும் குறிப்புகளைத் தருகின்றன. ஆயின் இசையும் கணிதமும் அறியாதார்க்கு அவை பூட்டிய பேழை. தமிழிசையின் ஏழு சுரங்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. இவற்றுக்கு முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகுகள் சொல்லப்பட்டன, கூட்டினால் 22. அறிவியல் ஆசிரியர்க்கு இது வெறும் எண் வரிசையன்று. ஒலி பிறக்கும் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் நிலையில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி கேட்கும். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை கேட்கும். பௌதிக ஆய்வுக்கூடத்தில் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி மாணவர்க்குக் காட்டும் சோதனையே இது. இவ்வளவைக் கொண்டு பழைய உரையின் எண்களை அளந்து, பாலைகளும் பண்களும் பிறக்கும் முறையை அடிகளார் கணித்துக் காட்டினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பையும் ஆய்ந்தார்.

இவ்வாராய்ச்சியின் விளைவான ‘யாழ் நூல்’ ஏழு இயல்களாக அமைந்து, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. 1947ஆம் ஆண்டு சூன் 5, 6 நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. நோயால் உடல் நலிந்திருந்த அடிகளார் அதன் பின் ஏறத்தாழ ஆறு வாரமே வாழ்ந்தார். 1947ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் கொழும்பில் அவர் உயிர் பிரிந்தது. இந்தியா விடுதலை பெறுவதைக் காண அவர் இருந்திலர். தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில், மாணவர் நாளும் நடமாடும் இடத்திலேயே அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பெற்றது. ஆசிரியர் ஒருவர்க்கு இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை.

நாம் செய்யத்தக்கன

அடிகளார் வாழ்ந்த காலத்துத் தனுஷ்கோடித் துறை இன்றில்லை. 1964ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் அதனை அழித்தது. 1914ஆம் ஆண்டுப் பாலத்தின் பணியும் முடிந்து, 2025ஆம் ஆண்டு புதிய பாலம் திறக்கப்பெற்றுள்ளது. அடிகளாரின் வாழ்வு எழுப்பிய வினா மட்டும் அழியாமல் நம்மிடம் வந்து நிற்கின்றது.

நம் கல்லூரிகளில் அறிவியற் பட்டம் பெறும் மாணவருள் பலர் பின்னர்க் கல்வியியற் கல்லூரியில் சேர்ந்து பள்ளி ஆசிரியர் ஆகின்றனர். அவர்கள் கற்றது ஆங்கிலத்தில். கற்பிக்கப்போவதோ பெரும்பாலும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு. ஆங்கிலத்தில் மனனம் செய்த ஒன்றைத் தமிழில் விளக்கத் தடுமாறும் ஆசிரியர், வேறு வழியின்றிப் பிள்ளைகளையும் மனனம் செய்யவே ஏவுகின்றார். பொருள் விளங்காத பாடம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றது. இதற்குத் தமிழ் காரணமன்று, அறிவியலும் காரணமன்று. இரண்டையும் ஒருவர் உள்ளத்தில் சந்திக்க வைக்காத கல்வி ஏற்பாடே காரணம். மானிப்பாயில் கிறீன் முயற்சி தளர்ந்த வரலாறு காட்டும் பாடம் இதுவே: நூலும் சொல்லும் போதா, அவற்றை ஏந்தி நிற்கும் ஆசிரியர் வேண்டும்.

இக்கடற்கரையில் அதற்கான வளம் குறைவன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. உலகின் பல பகுதிகளிலிருந்து அறிஞர் வந்து ஆராயும் உயிரினங்கள் நம் மீனவர் வீட்டுப் பேச்சில் அன்றாடச் சொற்களாய் உள்ளன. கடற்பசுவை அவர்கள் ஆவுளியா என்பர். கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசை அறிந்து பெயரிட்டழைப்பர். விலங்கியல் ஆசிரியர் வகுப்பில் இச்சொற்களைச் சொன்னால், கடலோரத்துச் சிறுவன் தன் தந்தையின் அறிவும் அறிவியலே என்று உணர்வான். அவன் தலை நிமிர்வான். பாடமும் அவன் நெஞ்சில் நிற்கும்.

ஆதலின் நம் போன்ற கல்லூரிகளில் தமிழ்த்துறையும் அறிவியல் துறைகளும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒன்றாய் அமர்ந்து, ஒரு பாடத்தின் கலைச்சொற்களையும் இக்கரையின் வழக்குச் சொற்களையும் தொகுத்தல் வேண்டும். ஆசிரியராக விழையும் அறிவியல் மாணவர் தம் பாடத்தின் ஓர் அலகையேனும் தமிழில் எழுதிப் பழகுதல் வேண்டும். தமிழ் மாணவர் அளத்தலையும் எண்ணலையும் அஞ்சாது கற்றல் வேண்டும். இவை பெருஞ்செலவு வேண்டாத பணிகள். அறிவியற் பட்டத்தோடு மதுரைப் பண்டிதத் தேர்வையும் எழுதிய காரைதீவு மயில்வாகனனார்க்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடன் அதுவேயாகும்.